ஸ்பார்க் பிளக் மாற்றுதல்: ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் எஞ்சின்

பெட்ரோல் பிக்கப் எதுவானாலும் ஸ்பார்க் பிளக் மாற்றுவது பொதுவாக ஒரு காலைப் பொழுது வேலை. காயிலைக் கழற்ற வேண்டும், பிளக்கைக் கழற்ற வேண்டும், புதியதை முறுக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையில் அடிக்கடி சிக்கும் 2004 முதல் 2008 வரையிலான எஃப்-150 இதற்கு விலக்கு. அதன் 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8 எஞ்சினில் வழக்கம்போல் ராச்செட்டைப் போட்டுத் திருகினால், பிளக்கில் பாதி கையோடு வரும். மீதி ஹெட்டுக்குள் தங்கிவிடும். அதனால் இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதைப் பொறுமையாகச் செய்து முடித்தவருக்கு வேறு எந்தப் பெட்ரோல் பிக்கப்பும் பயம் காட்டாது.

ஊரில் டீசல் பிக்கப் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. நீங்கள் வாங்கியது பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் வைத்த எஃப்-250 என்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம்.

உங்கள் எஞ்சின் எது?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று வகை எஞ்சின்கள் புழக்கத்தில் உண்டு.

1997 முதல் 2003 வரை வந்த எஃப்-150-இன் 4.6, 5.4 லிட்டர் எஞ்சின்களில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு. 2004-இல் ‘ஹெரிட்டேஜ்’ என்ற பெயரில் விற்ற பழைய உடலமைப்பு வண்டியிலும் அதுவே. இவற்றில் பிளக் மாட்டிக்கொள்ளாது, நேர்மாறாக வெளியே தெறித்து வரும். ஹெட்டில் பிளக்கைப் பிடித்திருக்கும் மரைகள் மிகக் குறைவு என்பதே காரணம். அவற்றுக்கு வண்டியின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவைத் துல்லியமாகப் பின்பற்றினால் போதும். கீழே வரும் ஊறவைக்கும் படலம் தேவையில்லை.

2004 முதல் வந்த புதிய உடலமைப்பில் உள்ள 5.4 லிட்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு மூன்று வால்வு. நம் கவலை இதைப் பற்றித்தான்.

2007 இறுதிக்குப் பிறகு தயாரான எஞ்சின்களில் ஹெட்டையும் பிளக்கையும் ஃபோர்டு மாற்றியமைத்துவிட்டது. ஆகவே 2008 மாடல் வண்டியில் இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். அதோடு நின்றுவிடாமல் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை உதிரிபாகக் கடையில் கொடுத்து, அந்த எண்ணுக்கு உரிய பிளக்கையே கேட்டு வாங்குங்கள். இரண்டு வகைப் பிளக்கும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

ஏன் மாட்டிக்கொள்கிறது?

சாதாரணப் பிளக்கில் மரைக்குக் கீழே மின்முனை மட்டும்தான் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பிளக்கில் மரைக்குக் கீழே விரல் கணு நீளத்துக்கு ஒல்லியான உலோகக் குழல் ஒன்று உண்டு. அது ஹெட்டில் உள்ள குறுகலான துளைக்குள் இறங்கி நிற்கும். குழலுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் வருடக்கணக்கில் கரி படிந்து இறுகிவிடுகிறது. குழலும் பிளக்கின் மேல்பகுதியும் ஒரே துண்டாக வார்த்தவை அல்ல. ஒன்றோடொன்று நெரித்து இணைத்தவை. மேலே திருகும்போது மரை சுற்றுகிறது, கீழே கரி பிடித்த குழல் நகர மறுக்கிறது, இணைப்பு விட்டுப்போகிறது. குழலும் அதற்குள் இருக்கும் பீங்கானும் அடியிலேயே நின்றுவிடுகின்றன.

ஆகவே நம் எதிரி மரை இல்லை, கரி. பலத்தால் கரியை வெல்ல முடியாது, ஊறவைத்தால்தான் இளகும். இந்தச் சிக்கலுக்காகவே ஃபோர்டு 2008-இல் தன் டீலர்களுக்கு 08-7-6 என்ற எண்ணில் சேவைக் குறிப்பு அனுப்பியது. கீழே உள்ள வரிசை பெரும்பாலும் அதைத் தழுவியதே.

மாற்றும் வேளை வந்துவிட்டதா?

கையேடு சொல்லும் கெடு 1,00,000 மைல். கரி அத்தனை காலம் படிய விடுவது எனக்கு உடன்பாடில்லை; 60,000 மைலிலேயே எடுத்துவிடுவது நல்லது. பழைய வண்டி வாங்கியவருக்கு முன்னால் எப்போது மாற்றினார்கள் என்பது தெரிய வழியில்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

அறிகுறிகள்: ஏற்றத்தில் அல்லது டிரெய்லர் இழுக்கும்போது வண்டி குலுங்கும், மிஸ்ஸிங் அடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கோட் ரீடரைச் செருகினால் பி0300 முதல் பி0308 வரை ஏதாவது ஒன்று காட்டும். பி0300 தவிர மற்றவற்றில் கடைசி இலக்கம் சிலிண்டர் எண். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும், பிளக்கைவிடப் பல மடங்கு செலவு.

வாங்கி வைக்க வேண்டியவை

- பிளக் எட்டு. ஒன்றோ இரண்டோ மட்டும் மாற்றும் வேலை இது இல்லை.
- 9/16 அங்குல ஸ்பார்க் பிளக் சாக்கெட், 3/8 அங்குல ராச்செட், நீளமும் குட்டையுமாக இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன், ஒரு வளையும் மூட்டு.
- காயில் போல்ட்டுக்கு 7 மில்லிமீட்டர் சாக்கெட்.
- டார்க் ரெஞ்ச். ஒருநாள் வேலைக்கு வாங்குவானேன் என்றால் இரவல் வாங்குங்கள். பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு தருகின்றன.
- ஸ்ப்ரே டப்பாவில் வரும் கார்பரேட்டர் கிளீனர்.
- நிக்கல் கலந்த ஆன்ட்டி சீஸ் பசை, டைஎலக்ட்ரிக் கிரீஸ்.
- கம்ப்ரஸர் காற்று, அல்லது கேனில் அடைத்த காற்று.
- ஒரு அடி நீள ரப்பர் குழாய், பிளக்கின் வெள்ளைத் தலையில் இறுக்கமாக மாட்டக்கூடிய விட்டத்தில்.
- கண்ணாடி, ரசாயனம் தாங்கும் கையுறை.

குறிப்பு: ஒரே துண்டாகச் செய்த மாற்றுப் பிளக்குகளும் சந்தையில் உண்டு. சாம்பியன் 7989 அப்படிப்பட்டது. அடுத்த முறை உடையும் பயம் குறையும் என்பதால் பலர் அதைப் போடுகிறார்கள். ஃபோர்டின் சொந்தத் தயாரிப்பான மோட்டார்கிராஃப்ட்டிலேயே நிற்பவர்களும் உண்டு. அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத மலிவுப் பிளக்கை மட்டும் தொடாதீர்கள்.

உடைந்த குழலை எடுக்கும் கருவியை முன்கூட்டியே வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஆனால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, வேறொரு வண்டி கைவசம் இருக்கும் வார இறுதியைப் பார்த்துத் தொடங்குங்கள். திங்கள் காலை வேலைக்குப் போக இந்த வண்டிதான் வேண்டும் என்ற நிலையில் தொடங்கினால், ஞாயிறு மாலை ஆறாவது பிளக்கில் அவசரம் வரும், உடைவது அங்கேதான்.

பாதுகாப்பு

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின இரவே நிறுத்திவிடுங்கள். சூட்டோடு கழற்றினால் சுலபமாக வரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் அதன் மரை கிழிந்துபோக வாய்ப்பு அதிகம். ஃபோர்டின் குறிப்பும் அறை வெப்பத்துக்கு ஆறிய எஞ்சினையே கேட்கிறது.

கார்பரேட்டர் கிளீனர் பற்றி எரியும். கராஜ் கதவு திறந்திருக்கட்டும். அதே கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் வண்டியை வெளியே நிறுத்திச் செய்யுங்கள். அதன் பைலட் சுடர் போதும், ஆவி பற்றிக்கொள்ள. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாகப் போய் ஒட்டாதபடி துணி சுற்றி ஒதுக்கிவையுங்கள். காற்று அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம். பிளக் குழியிலிருந்து மண்ணும் துருவும் நேராக முகத்துக்குத்தான் வரும்.

கழற்றும் வரிசை

சிலிண்டர் எண்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் உட்கார்ந்து பார்க்கையில் வலப்பக்கம், அதாவது பயணி பக்கம், முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் அதே வரிசையில் 5, 6, 7, 8. பின்கோடியில் இருக்கும் 4, 8 இரண்டும் கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கை பழகிய பிறகு அவற்றுக்குப் போங்கள், 1-இல் தொடங்குங்கள்.

1. எஞ்சின் மேல் உள்ள காற்றுக்குழாயைக் கழற்றுங்கள். திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தாலும் பெரிய வேலை ஆகிவிடும்.

2. காயிலுக்கு வரும் வயர் இணைப்பின் நாக்கை அமுக்கி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. இத்தனை வருடச் சூட்டில் பிளாஸ்டிக் பொரிந்து போயிருக்கும்.

3. 7 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாக லேசாகத் திருப்பி மேலே தூக்குங்கள். ரப்பர் உறை அறுந்து குழியில் நின்றுவிட்டால் நீள மூக்குக் குறடால் எடுங்கள். காயிலில் மார்க்கரால் சிலிண்டர் எண் எழுதுங்கள்.

4. குழிக்குள் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் உங்கள் மிஸ்ஸிங்குக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். எங்கிருந்து வருகிறது என்று தேடி வையுங்கள்.

5. சாக்கெட்டை நேராக இறக்கி, பிளக்கை எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ‘டக்’ என்று இளகியதும் நிறுத்திவிடுங்கள். எட்டுப் பிளக்குக்கும் இதைச் செய்யுங்கள். இம்பாக்ட் ரெஞ்ச், கைப்பிடியில் பைப் செருகித் திருகுவது, இரண்டும் கூடாது.

6. ஒவ்வொரு குழியிலும் கார்பரேட்டர் கிளீனர் விடுங்கள், பிளக்கின் அறுகோணத் தலை நனைந்து சற்று மேலே நிற்கும் அளவு. அரை முதல் முக்கால் டீஸ்பூன் போதும். அதிகம் விட்டால் சிலிண்டருக்குள் தேங்கும். திரவம் நிறைந்த சிலிண்டரோடு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

7. காத்திருங்கள். குறைந்தது 15 நிமிடம் என்கிறது ஃபோர்டின் குறிப்பு. லட்சம் மைல் ஓடிய எஞ்சினுக்கு இரவு முழுக்க விடச் சொல்வேன் நான். குழிகளைத் துணியால் மூடிவிட்டுப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். இந்த நேரத்தில் பிளக்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் ஆசை வரும். ஆட்டாதீர்கள். கரி இளகும் முன் ஆட்டினால் இணைப்பு விட்டுவிடும்.

8. ஊறிய பிறகு, இறுக்குகிற திசையில் லேசாக, பிறகு தளர்த்துகிற திசையில் லேசாக, மாற்றி மாற்றித் திருப்புங்கள். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். எதிர்பார்க்க வேண்டிய விசை 33 பவுண்டு-அடி அளவு. ஒரு அடி நீளக் கைப்பிடியின் முனையில் பதினைந்து கிலோ தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு.

9. ‘கிரீச்’ என்று அலறும். பயப்பட வேண்டாம், கரி உராயும் சத்தம் அது. சத்தம் உச்சத்துக்குப் போனாலும் கை கனத்தாலும் நிறுத்தி, பின்பக்கம் இறுக்கி, இன்னும் சில சொட்டுக் கிளீனர் விட்டு, மறுபடி ஒரு கால் மணி நேரம் விடுங்கள்.

10. பிளக் கையால் சுற்றும் அளவு இளகியதும் ரப்பர் குழாயைத் தலையில் மாட்டி வெளியே எடுங்கள். குழல் முழுசாக வந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

எட்டாவது படியில்தான் இந்த வேலையின் சூட்சுமம் எல்லாம். நல்லபடி வரும் பிளக்கில் எதிர்ப்பு சிறுகச் சிறுகக் குறையும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூரம் திரும்பும். உடையப் போகும் பிளக் அப்படியில்லை. கெட்டியாக நின்றிருந்தது திடீரென்று வெண்ணெயாக இளகும். சத்தமும் சட்டென்று அடங்கும். புதியவர்கள் அதை நல்ல சகுனம் என்று நினைத்துவிடுகிறார்கள். குழல் மேலே இல்லாமல் வெறும் தலை மட்டும் வந்தால்தான் விஷயம் புரியும். அதனால் ராச்செட்டைப் பிடித்த கை முனையில் இல்லாமல் தலைக்கு அருகே இருக்கட்டும். மற்ற கை எக்ஸ்டென்ஷனை நேராகத் தாங்கட்டும். சாய்ந்தால் பீங்கான் உடையும்.

வெளியே வந்த பிளக்கை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். குழலைச் சுற்றிக் கறுப்பு வளையமாகக் கரி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினாலும் வராது. ஊறிய இடத்தில் மட்டும் பிசுபிசுப்பாக இருக்கும்.

உடைந்துவிட்டால்

பதற வேண்டாம். அந்தச் சிலிண்டரை விட்டுவிட்டு மற்றவற்றை முடியுங்கள். எத்தனை உடைந்தன என்று தெரிந்த பிறகு கருவி வாங்கலாம்.

லைல் நிறுவனத்தின் 65600 இதற்கென்றே செய்த கருவி. முதலில் குழலுக்குள் நிற்கும் பீங்கானை அதன் தள்ளுகோலால் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். பிறகு இழுப்பானை வெற்றுக் குழலுக்குள் திருகினால் அது உலோகத்தில் மரை வெட்டிப் பிடித்துக்கொள்ளும். மேலே உள்ள நட்டை இறுக்க இறுக்கக் குழல் மேலே ஏறி வரும். கருவியோடு வரும் அளவுக் குறிப்பை வரிக்கு வரி பின்பற்றுங்கள். பீங்கானை அளவுக்கு மேல் தள்ளினால் அது பிஸ்டன் மேல் விழுந்துவிடும்.

ஈஸி அவுட் என்று கடையில் கிடைக்கும் பொதுவான உடைந்த-போல்ட் எடுப்பானை இங்கே அடித்து இறக்காதீர்கள். குழல் விரிந்து துளையில் இன்னும் இறுகும். டிரில் போடவே கூடாது. சிலிண்டருக்குள் துண்டு விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யாமல், வண்டியைக் கட்டி இழுத்துப் போய், இந்த எஞ்சினில் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள். அதற்காகும் பணம் ஹெட்டைக் கழற்றும் செலவைவிடக் குறைவு.

பழைய பிளக்கைப் படித்தல்

எட்டையும் ஒரு அட்டையில் எண் எழுதி வரிசையாக வையுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. எண்ணெய் ஈரம் தெரிந்தால் வால்வு சீல் அல்லது ரிங் வழியாக எண்ணெய் வருகிறது. உலர்ந்த கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஊறவைத்த திரவம் நிறத்தைக் கொஞ்சம் கலைத்திருக்கும். ஆகவே தனித்து நிற்கும் பிளக்கை மட்டும் பொருட்படுத்துங்கள்.

புதிய பிளக் போடுதல்

1. குழியைத் துடையுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கிளீனரை வெளியேற்ற, எட்டுக் காயிலின் இணைப்பும் கழன்றே இருக்க, பேட்டரியை மாட்டி, ஆக்ஸிலேட்டரைத் தரைவரை அழுத்தியபடி இரண்டு மூன்று விநாடி மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். தரைவரை அழுத்தினால் பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். திரவம் பீய்ச்சி வரும், எஞ்சின் பக்கம் யாரும் குனியக்கூடாது. பிறகு பேட்டரியை மறுபடி கழற்றுங்கள்.

2. பிளக் இடைவெளி தொழிற்சாலையிலேயே வைத்து வருகிறது. கையேட்டு அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்முனையை நெம்பி வளைக்காதீர்கள். தரையில் விழுந்த பிளக்கை ஒதுக்கிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் பீங்கானில் இருக்கலாம்.

3. ஆன்ட்டி சீஸ் பசையைக் கீழே உள்ள குழலின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். மின்முனையில் படக்கூடாது. மரையிலும் கூடாது: பசை பட்ட மரை வழுக்கும், டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். மற்ற வண்டிகளில் மரையில் தடவிப் பழகியவர்கள் இங்கே தவறுகிறார்கள்.

4. ரப்பர் குழாயில் பிளக்கை மாட்டி இறக்கி, விரலால் சுற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் கையில் வழுக்கிச் சுற்றும், எனவே மரை கெடாது. ராச்செட்டால் தொடங்கினால் இந்தக் காப்பு இல்லை.

5. கையால் அடி தொட்டதும் டார்க் ரெஞ்ச்: 25 பவுண்டு-அடி, அதாவது 34 நியூட்டன் மீட்டர். ‘க்ளிக்’ ஒருமுறை கேட்டால் போதும், இன்னொரு முறை அழுத்தாதீர்கள்.

6. காயிலின் ரப்பர் உறை வாயில் பட்டாணி அளவில் பாதி டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். விரிசல் கண்ட உறையை மாற்றிவிடுங்கள். காயிலை அழுத்தி உட்காரவைத்து, போல்ட்டைச் சின்ன ராச்செட்டால் நிற்கும்வரை இறுக்குங்கள். சிறிய போல்ட், பலம் காட்டினால் அறுந்துவிடும். வயர் இணைப்பு ‘டக்’ என்று பூட்ட வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

காற்றுக்குழாயை மாட்டி, கருவிகளை எண்ணி எடுத்துவைத்து, பேட்டரியை இணையுங்கள். வண்டி வெளியே நிற்கட்டும். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. முதல் நிமிடம் வெள்ளைப் புகை வரும், உறுமலும் சீராக இருக்காது. மிச்சக் கிளீனர் எரிவதால் அப்படி. ஐந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பேட்டரியைக் கழற்றியதால் ஐடிலிங் பழைய நிலைக்கு வரச் சில மைல் ஓட்டம் தேவைப்படலாம்.

கிளீனர் ரிங் இடுக்கு வழியாக எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் கலந்திருக்கும். இரவு முழுக்க ஊறவைத்தவர்கள் ஓரிரு நாளில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். இதே வார இறுதியில் அதையும் சேர்த்துத் திட்டமிட்டால் நல்லது.

மிஸ்ஸிங் இன்னும் இருக்கிறதா? கோட் ரீடரைச் செருகுங்கள். 3-ஆம் சிலிண்டர் என்று காட்டினால் முதலில் அந்தக் காயிலின் இணைப்பை அமுக்கிப் பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு 3-இன் காயிலை 2-க்கும் 2-இன் காயிலை 3-க்கும் மாற்றி, கோட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோட் 2-க்கு நகர்ந்தால் காயில் போய்விட்டது, ஒன்று வாங்கினால் போதும். 3-லேயே நின்றால் பிளக்கை வெளியே எடுத்து விரிசல் பாருங்கள். இப்போது புதுப் பிளக், கரி இல்லை, ஊறவைக்காமலே வரும். அதுவும் சரியாக இருந்தால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். அதற்கான சோதனைகள் அடுத்த அத்தியாயத்தில்.